பெரிய வண்டி ஏன் மிரட்டுகிறது?

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உருவான எண்டெவர் எஸ்.யூ.வி. சுமார் 4.9 மீட்டர் நீளம். எடை 2 டன்னுக்கு மேல். சிறிய காரில் பழகியவர் இதில் ஏறினால் தடுமாறுவது ஏன்? மூளை வைத்திருக்கும் உடல் வரைபடம் இன்னும் பழைய காரின் அளவிலேயே இருக்கிறது. கையில் கோலெடுத்தால் அதன் நுனிவரை உணர்வு நீளும் அல்லவா? அப்படித்தான் ஓட்ட ஓட்ட பானெட்டின் முனையும் அந்த வரைபடத்தில் சேரும். காலி மைதானத்தில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, மெதுவாக நெருங்கி நிறுத்தி, இறங்கி இடைவெளியைப் பாருங்கள். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டால்தான் மூளை திருத்திக்கொள்ளும்.

திருப்பத்தில் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிச் செல்லும். நீளமான வண்டியில் அது அதிகம். சற்றுத் தாமதித்துத் திருப்புங்கள்.

நான்கு சக்கர இயக்கம் சேற்றில் இழுவை தரும். ஆனால் பிரேக் தூரத்தைக் குறைக்காது. அதனால் மழையில் முன்னால் செல்லும் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விடுங்கள். பானெட்டை ஒட்டி நிற்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படாது. கிளப்புமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள்.