உருமி ஏறிய இசைத்தட்டு

கிட்டாரில் மூன்று கார்டுகள் பிடிக்கத் தெரிந்தவன் எவனும் மேடையேறலாம், குருகுலவாசமும் அசுர சாதகமும் தனவந்தர்களின் ஆதரவும் இல்லாமலேயே தன் ஆத்திரத்தைப் பாட்டாக்கி வெளியிடலாம் என்ற துணிச்சலோடு, வேலையில்லாத் திண்டாட்டத்தில் உழன்ற இங்கிலாந்து இளைஞர்கள் 1976, 1977-ஆம் ஆண்டுகளில் எழுப்பிய சங்கீதக் கலகத்துக்குப் பங்க் ராக் என்று பெயர். செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ் ஆகிய குழுக்கள் அதில் பிரசித்தி பெற்றவை. பாட்டு இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும்; சுருதி பிசகினாலும் எவரும் வருந்துவதில்லை; பாடுகிறவனுக்குச் சாரீரம் இனிமையாயிருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் கிடையாது. கீர்த்தனங்களில் ஊறிய செவிக்கு இது சங்கீதமாகவே படாது என்றால், அப்படிப் படக்கூடாது என்றுதான் அதைத் தொடங்கியவர்களும் விரும்பினார்கள்.

அந்தக் கலகத்தின் சுபாவத்தை முழுமையாகச் சுவீகரித்து, கிட்டாரை மட்டும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, குழு எதுவுமின்றித் தனியொருத்தியாக ஆல்பம் வெளியிட்டவர்களில், என் அபிப்பிராயத்தில், முதலிடத்துக்கு உரியவர் ஒரு தமிழ்ப் பெண். உலகம் எம்.ஐ.ஏ. என்று அறியும் மாதங்கி அருள்பிரகாசம் 1975-ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இடையில் சில காலம் சென்னையிலும் வசித்து, பத்துப் பதினோரு வயதில் தாயோடும் உடன்பிறந்தாரோடும் அகதியாக மீண்டும் லண்டன் போய்ச் சேர்ந்தவர். தந்தை அருளர் ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவர். ஆகையால் வீட்டுக்கு அவர் அபூர்வ விருந்தாளி. தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினார்.

மாதங்கி முறையாகப் படித்தது சங்கீதம் அன்று. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படக் கலை. எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் தம் ஆல்பத்துக்கு உறைச்சித்திரம் தீட்டவும் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கவும் அவரை அமர்த்திக்கொள்ள, அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி.-505 என்னும் தாளக் கருவியை அறிமுகப்படுத்த, அந்த ஒரு பெட்டியைக் கொண்டு படுக்கையறையில் உட்கார்ந்தபடியே பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார். 2003-ல் 'கலாங்' என்ற முதற்பாட்டு ஐந்நூறு தட்டுகள் மட்டுமே அச்சாயிற்று. 2005-ல் தந்தையின் பெயரால் 'அருளர்' என்ற முதல் ஆல்பம் வந்தபோது, பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது.

இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில், பெரிய தயாரிப்பாளரான டிம்பலண்டோடு சேர்ந்து பதிவு செய்வதாகத்தான் ஏற்பாடு. 2006-ல் அந்த நாடு விசா மறுத்துவிட்டது. மற்றொருவராயிருந்தால் வக்கீலைத் தேடிக்கொண்டு காத்திருந்திருப்பார். இவரோ இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று தேசந்தேசமாகச் சென்று, அங்கங்கே அகப்பட்ட ஒலியையெல்லாம் சேகரித்துக்கொண்டு வந்தார். தாயின் பெயரைத் தாங்கி 2007 ஆகஸ்டில் வெளிவந்த 'கலா' இவ்வாறு பிறந்தது. அந்த அதிகாரிகள் முத்திரை குத்திக் கொடுத்திருந்தால் இவ்வளவு விசித்திரமான ஆல்பம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடம் அவருக்குக் கைகொடுத்தது, தமிழ் மேளக்காரர்கள் வந்தார்கள், உருமி வந்தது. இடை சிறுத்த உடலும் இரண்டு முகமும் கொண்ட உருமியில் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது தோல் அடிவயிற்றிலிருந்து உறுமும். சாமியாடிக்கு அருள் இறங்குவது பெரும்பாலும் அந்த உறுமலில்தான். 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் இந்த மேளம் கணினித் தாளத்தோடு மோத, ஊடே சிறுவர்களின் கூச்சலும் கோழிகளின் கொக்கரிப்பும் கலக்கின்றன. 'ஜெயம்' படத்தில் ஆர்.பி.பட்நாயக் இசையமைத்த 'திருவிழான்னு வந்தா' பாட்டின் துணுக்கு ஒன்றும் அதில் உண்டு. எங்கள் ஊரான பெருநகரில் தைப்பூசத்தன்று சுற்றுப்பட்ட கிராமங்களின் உற்சவ மூர்த்திகளெல்லாம் செய்யாற்றில் தீர்த்தவாரிக்கு எழுந்தருள, ஓர் ஊர் மேளம் மற்றோர் ஊர் மேளத்தை அமுக்கிவிடத் துடிக்கும் ஆரவாரத்தில் நின்றவர்களுக்கு அந்தப் பாட்டு அந்நியமாக இராது. இத்தகைய மேளங்களைச் சபாக்கள் வாசற்படிக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்த காலம் நெடியது. சுருதிசுத்தம் என்று சொல்லப்பட்ட காரணத்துக்குப் பின்னால் சாதி நின்றதை யாரும் அறியாமலில்லை. ஸ்விட்ச் என்ற ஆங்கிலத் தயாரிப்பாளருக்கும் மாதங்கிக்கும் அந்தத் தயக்கம் கிஞ்சித்தும் இல்லை.

பங்க் பரம்பரைக்கு அவர் செலுத்திய வந்தனமும் வெளிப்படையானது. 'கலா'வின் முதற்பாட்டான 'பாம்பூ பாங்கா', பங்க் இசைக்கு முன்னோடி என்று போற்றப்படும் ஜோனதன் ரிச்மனின் 'ரோட்ரன்னர்' பாட்டை நினைவூட்டித் தொடங்கி, 'தளபதி'யில் இளையராஜா தந்த 'காட்டுக்குயிலு'வின் தாளத்தையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. 'பேப்பர் ப்ளேன்ஸ்' என்ற பாட்டோ, கிளாஷ் குழு 1982-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் கிட்டார் ஒலியை எடுத்து அடித்தளமாக இட்டிருக்கிறது. மூலப்பாட்டு, புகுந்த நாட்டில் வேண்டப்படாதவர்களின் நிலையைச் சொன்னது. மாதங்கி, விசாவுக்கு அலைந்த கசப்போடு, குடியேறியவன் என்றாலே திருடனும் கொலைகாரனுமென்று அஞ்சுகிற மனத்தை அதன் மேல் பரிகாசம் செய்கிறார். பல்லவியில் வார்த்தைகளுக்குப் பதில் துப்பாக்கி வெடிக்கிறது, கடைக் கல்லாப்பெட்டி திறக்கிறது.

பரிகாசம் எல்லோருக்கும் விளங்கிவிடவில்லை. டேவிட் லெட்டர்மனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெடிச்சத்தம் மாற்றப்பட்டது, எம்.டி.வி.யும் அதை மழுங்கடித்தே ஒலிபரப்பியது. தந்தையின் இயக்கத் தொடர்பைக் காட்டி, வன்முறையை அலங்காரப் பொருளாக்குகிறார் என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. புலிச் சித்திரங்களைத் தாராளமாகக் கையாண்டவர் அந்த ஆட்சேபத்துக்கு முற்றிலும் இடங்கொடுக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவரைச் சினங்கொள்ளச் செய்தது வேறொன்று: ஆல்பத்தின் சிறப்பையெல்லாம் டிப்லோ என்ற ஆண் தயாரிப்பாளரின் கணக்கில் பத்திரிகைகள் வரவு வைத்ததை 2007-லேயே அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்தக் கோபம் நியாயமானது.

ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 'கலா'வை அந்த ஆண்டின் தலைசிறந்த ஆல்பமாகத் தேர்ந்தது. விற்பனையிலோ அமெரிக்கப் பட்டியலில் 18-ஆம் இடம், பிரிட்டனில் 39. அடுத்த ஆண்டு 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் 'பேப்பர் ப்ளேன்ஸ்' ஒலித்த பிறகுதான், சாமானிய ஜனங்கள் அதைத் தேடி வாங்கி அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடத்துக்கு ஏற்றினார்கள். கிராமி பரிந்துரை வந்தது. 2009 பிப்ரவரியில் அந்த விழா மேடையில் நிறைமாத கர்ப்பிணியாக நின்று ஆடிப்பாடினார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ரஹ்மானோடு இயற்றிய 'ஓ சாயா'வுக்கு அதே ஆண்டு ஆஸ்கார் பரிந்துரையும் கிட்டியது.

புதிதாகக் கேட்கப் புகுகிறவர்கள் 'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டை முதலில் கேட்டுவிட்டு, மற்றவை அதைப்போல் செவிக்கு இதமாக இல்லையென்று நிறுத்திவிடுவதுண்டு. நம்மவர் 'பேர்ட் ஃப்ளூ'விலிருந்து தொடங்கட்டும். ஒலியைச் சற்றுக் கூட்டியே வைக்கட்டும்.