சிட்டுக்குருவியா? தூக்கணாங்குருவியா?

வயல் வரப்பில் ஒரு குருவிக் கூட்டம் வந்து இறங்குகிறது. சிந்திய நெல்லைக் கொத்தித் தின்கிறது. பார்ப்பவர்கள், "சிட்டுக்குருவி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அவை தூக்கணாங்குருவிகளாகவும் இருக்கலாம்!

அடையாளம் என்ன?

சாதாரண நாட்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். தூக்கணாங்குருவிக்கு அலகு தடிப்பு, வால் குட்டை. ஆண் சிட்டுக்குருவிக்கு உள்ளது போல் தொண்டையில் கறுப்பு கிடையாது.

மழைக்காலம் வந்துவிட்டால் குழப்பமே இல்லை. ஆண் தூக்கணாங்குருவி மாப்பிள்ளைக் கோலம் பூண்டுவிடும். உச்சந்தலையும் மார்பும் மஞ்சள் நிறமாகும். முகம் கரும்பழுப்பாகும். பெண் குருவி மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும்.

மார்பில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அது வேறு வகை. அது ஏரி, குளங்களில் உள்ள சம்பு, நாணல்களில் கூடு கட்டும். தூக்கணாங்குருவியோ பனை, ஈச்சை, முள்மரங்களைத் தேடும். கிணற்றுக்கு மேலே நீண்டிருக்கும் கிளை என்றால் அதற்குக் கொள்ளை ஆசை!

பெண் வைக்கும் பரீட்சை

கூடு கட்டுவது ஆண்தான். நெல், கரும்பு, பனை ஓலைகளை நார் நாராகக் கிழித்து வந்து பின்னும். பாதி கட்டியதும் இறக்கையை அடித்துக் கூவும். பெண் குருவி வரும். உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால்தான் குடித்தனம்! பிறகே ஆண் மீதிக் கூட்டைக் கட்டி, கீழ்நோக்கிய குழாய் வாசலும் அமைக்கும். பெண் முட்டையிட்டதும் அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண்ணை அழைக்கும்!

இந்த ரகசியத்தை 1930-ல் கண்டறிந்தவர் பறவை அறிஞர் சலீம் அலி. மும்பைக்கு அருகே கிகிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் நாள்தோறும் கூடுகளைக் கவனித்து அவர் இதை அறிந்தார்.

மரத்தில் அரைகுறையாகத் தொங்கும் கூடுகளில் பல, பெண் குருவி வேண்டாம் என்று ஒதுக்கியவை.

பறிக்கலாமா?

வீட்டில் அழகுக்குத் தொங்கவிடச் சிலர் கூட்டை அறுத்து எடுக்கிறார்கள். காலிக் கூடு என்று நினைத்துக் குழந்தைகளும் கல் எறிகிறார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஆனால் அடையாளம் உண்டு. மழைக்காலத்தில் நீண்ட குழாய் வாசலோடு தொங்கும் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கலாம். அடைகாப்பது தாய் மட்டுமே. அந்தக் கூட்டை அறுத்தால் போவது வெறும் நார் அல்ல, ஒரு குடும்பம்!