தேயிலையோடு வேறென்ன படிப்பது?

பதுளையில் 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படிப்பவருக்குத் தேயிலை மட்டும் போதாது. திறன் வளர்ச்சி, பொதுக்கல்விப் பாடங்களும் உண்டு.

அவற்றை முடிவுசெய்வது யார்? 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி, கல்வி விடயங்களில் அதிகாரம் மூதவைக்கே. பீடச் சபை முன்மொழிய, மூதவை அலசி ஆராயும்.

இழுபறியெல்லாம் நேரத்துக்காகத்தான். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது சுயபடிப்பும் சேர்த்து 50 மணி நேர உழைப்பு. இரண்டு கிரெடிட் பொதுப்பாடம் ஒன்றைச் சேர்த்தால் மாணவரின் 100 மணி நேரம் போய்விடும். எந்தத் துறைதான் தன் பாடத்தை எளிதில் விட்டுக்கொடுக்கும்?

பசறை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து தமிழில் படித்து வரும் பிள்ளைக்கு விரிவுரையோ ஆங்கிலத்தில். ஆகவே முதலாம் ஆண்டு ஆங்கிலப் பாடத்தில் கைவைக்கவே கூடாது.

இன்னொன்றும் சேர வேண்டும். கொழுந்து பறித்தவர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. நாடற்றோராகவே எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தேயிலையில் பட்டம் பெறும் ஒவ்வொருவரும், எந்த இனத்தவரானாலும், இந்த வரலாற்றை வகுப்பறையிலேயே படிக்க வேண்டும். அதற்கு இரண்டு கிரெடிட் அதிகமில்லை.