வீடு சுமந்த வண்டி

திருமலைக்கு நடந்தே செல்லும் வழக்கம் நம் பக்கத்தில் இன்றும் குறையவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டால், சென்னையிலிருந்து புறப்படும் குழுக்களுள் பல ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் என்று ஊர் ஊராகக் கடந்து திருப்பதி சேரும். பத்மாவதியைத் திருவேங்கடமுடையான் மணந்த இடம் என்று சொல்லப்படும் நாராயணவனத்தில் கல்யாண வெங்கடேசரை வணங்கிவிட்டு மேலே நடப்பார்கள். என் தாய்மாமன் வீடு அந்த ஊரில்தான் இருக்கிறது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். இன்று திருப்பதி மாவட்டம். மாமா வீட்டுக்குள் தமிழ், வீதியில் தெலுங்கு. கோபம் வந்தால் இரண்டும்.

மாமாவிடம் ஒரு பிக்கப் வண்டி உண்டு. மாங்காய்க் காலத்தில் மாங்காய் ஏற்றுவார். மற்றக் காலத்தில் கிடைத்ததை ஏற்றுவார். 2023-ஆம் ஆண்டு புரட்டாசியில், நடந்து வரும் அடியார்களுக்கு உதவியாக இருக்கட்டுமென்று, அந்த வண்டியை ஒரு வீடாகவே மாற்றிவிட்டார். இரும்புக் குழாயும் ஒட்டுப்பலகையும் கொண்டு ஓர் அறை செய்து, வண்டியின் தொட்டியில் தூக்கி வைத்துக் கயிற்றால் கட்டினார். உள்ளே இரண்டு படுக்கை, அடுப்பு, மருந்துப் பெட்டி. அறையின் கூரைமேல் 200 லிட்டர் தண்ணீர்ப் பீப்பாய், அண்டா, குண்டான், பாய், தலையணை. மேனாடுகளில் இத்தகைய அறையைக் ‘கேம்பர்’ என்பார்கள். விடுமுறைக்குக் குடும்பத்தோடு புறப்படுவோர் பிக்கப்பின்மேல் ஏற்றிக்கொள்வது. நமக்குக் ‘கேரவன்’ என்ற சொல் தெரியும். ஆனால் அதைக் கேட்டால் படப்பிடிப்பில் நடிகர் இளைப்பாறும் வண்டியன்றோ நினைவுக்கு வருகிறது!

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், விடுமுறையென்று உடன் சென்றேன். நாகலாபுரம் தாண்டி ஒரு வளைவு. எதிரே பேருந்து. மாமா இடப்பக்கம் ஒடித்து, உடனே வலப்பக்கம் திருப்பினார். வண்டி திரும்பிவிட்டது, மேலிருந்த வீடு திரும்ப மறுத்தது. ஒருபுறம் சாய்ந்து, மறுபுறம் சாய்ந்து, மீண்டும் முதற்புறமே சாய்ந்தது. ஓரமாக நடந்துகொண்டிருந்த பெண்கள் வயலுக்குள் குதித்தார்கள். கால்வலியென்று உள்ளே படுத்திருந்த பாட்டி ஒருவர் படுக்கையிலிருந்து உருண்டு விழுந்தார். யாருக்கும் பெரிய அடியில்லை. புத்தூர் எலும்புக் கட்டு உலகறிந்தது. கூப்பிடு தூரத்தில் அது இருக்கிறது என்பதற்காக நாம் எலும்பை முறித்துக்கொள்ள வேண்டுமா என்ன?

“பின்னாடி ரெண்டு பட்டை ஏத்திட்டாச் சரியாப் போயிடும், மாப்பிள்ளை” என்றார் மாமா. அவ்வாறே ஒரு பட்டறையில் பின்பக்கத்து வில் கட்டில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூட்டினார்கள். ஆட்டம் குறைந்தது உண்மை. ஆனால் அதன்பின் மாமா 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு மெய்யான அச்சம் பிறந்தது. ஆட்டம் குறைவது வேறு. கவிழும் அபாயம் குறைவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி வேகத்தைக் கூட்டுபவர் மாமா ஒருவரே அல்லர் என்பதால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பொறியியல் பயிலாத நண்பர்கள் அஞ்ச வேண்டா. நம் தேரைப் பாருங்கள். அடிப்பகுதி முழுவதும் கனத்த மரம், அடர்ந்த சிற்பம். மேலே போகப் போக மூங்கிலும் கயிறும் சீலையும்தான். பார்வைக்கு வானளாவி நிற்கும். எடையோ பெரும்பாலும் சக்கரத்தை ஒட்டியே இருக்கும். பொருளின் எடை முழுவதும் ஓரிடத்தில் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறோம். அம்மையத்தைத் தாழ்த்தி வைக்கும் வித்தையைத் தேர்த் தச்சர்கள் நம் பாடநூல்களுக்கு மிக முன்பே அறிந்திருந்தார்கள். மாமா செய்ததோ தேரைத் தலைகீழாக்கிய வேலை: கீழே மெல்லிய பலகை, உச்சியில் 200 கிலோ தண்ணீர்!

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். வண்டியின் எடை 1700 கிலோ, அதன் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அறை 500 கிலோ, அதன் மையம் 160 சென்டிமீட்டரில். உள்ளே இருக்கும் பொருள் 200 கிலோ, 120 சென்டிமீட்டரில். கூரைமேல் 300 கிலோ, 280 சென்டிமீட்டரில். எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி மொத்த எடையால் வகுத்தால், கூட்டு மையம் ஏறத்தாழ 111 சென்டிமீட்டரில் அமைகிறது. கூரைமேல் உள்ள அந்த 300 கிலோவைத் தொட்டியின் தளத்துக்கு இறக்கி, அதன் மையத்தை 110 சென்டிமீட்டரில் வைத்தால், கூட்டு மையம் 92-க்கு இறங்கிவிடும். ஒரு காசு செலவில்லை. இறக்கி வைக்கும் வேலைதான்.

இந்த 19 சென்டிமீட்டரால் என்ன பயன் என்று கேட்கலாம். வளைவில் செல்லும் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் பக்கவிசை எவ்வளவு வரை போகலாம் என்பதை, இரு சக்கரங்களுக்கிடையேயுள்ள அகலத்தின் பாதியை மையத்தின் உயரத்தால் வகுத்துக் கணிக்கலாம். அகலம் 140 சென்டிமீட்டர் என்றால், முன்னதற்கு 0.63, பின்னதற்கு 0.76. அதாவது வண்டியின் எடையில் நூற்றுக்கு 63 பங்கு பக்கவிசை வந்தால் கவிழக்கூடியது, 76 பங்கு வரை தாங்கும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இது 63 கிலோமீட்டர் வேகத்துக்கும் 69 கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு. இதுவும் வில்லும் டயரும் சற்றும் வளையாத, ஏட்டில் மட்டும் ஓடுகிற வண்டிக்கான கணக்கு. மெய்யான வண்டி சாயச் சாய அதன் மையமும் வெளிப்பக்கம் நகரும். ஆகவே இதைவிடக் குறைந்த வேகத்திலேயே கவிழும்.

வில்லுக்குப் பட்டை கூட்டினால், சாய்வு குறைவதால் இந்த இழப்பில் சிறிது மீளும். அவ்வளவே. மையத்தின் உயரமும் சக்கரத்தின் அகலமும் அப்படியே இருக்கின்றன. போதாக்குறைக்குப் பட்டை கூட்டினால் வண்டியின் பின்புறம் சற்று உயர்வதும் உண்டு! முன்பு ஆட்டம் ‘மெதுவாகப் போ’ என்று எச்சரித்தது. இப்போது எச்சரிப்பவன் வாயைக் கட்டிவிட்டோம்.

அதற்காக வில்லும் வேண்டா, வேறெதுவும் வேண்டா என்று சொல்லவில்லை. பின்னச்சின் பட்டை வில்கள் சக்கரங்களைவிட உட்புறம் தள்ளியே அமைந்திருக்கும். சக்கரங்கள் 140 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், வில்கள் 100 சென்டிமீட்டர் அளவில் இருக்கலாம். சாய்வைத் தடுக்கும் ஆற்றல் இவ்விடைவெளியின் இருமடியைப் பொறுத்தது. எனவே, சக்கரத்தின்மேலேயே வில்லை வைத்தால் கிடைக்கும் ஆற்றலில் பாதியளவே நமக்குக் கிடைக்கிறது. இக்குறையை ஈடுசெய்யத்தான் ஸ்டெபிலைசர் ராடு என்னும் கம்பியைப் பொருத்துகிறார்கள். பகர வடிவில் வளைந்த உருக்குக் கம்பி அது. இரு சக்கரமும் ஒருசேர மேடேறினால் கம்பி சும்மா இருக்கும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால், ஈரத் துணியைப் பிழிவதுபோல் கம்பி முறுக்கப்படும். அது திமிறிக்கொண்டு சாய்வை எதிர்க்கும். ஆகவே பள்ளம் மேட்டில் வண்டியைக் குலுக்காமல் சாய்வை மட்டும் குறைக்க இதுவே ஏற்றது. பட்டை கூட்டினாலோ சாய்வும் குறையும், இடுப்பும் ஒடியும்.

ஷாக் அப்சார்பர் பற்றி மாமாவுக்கு ஒரு தவறான எண்ணம் இருந்தது, பலருக்கும் இருக்கிறது. அது சுமையைத் தாங்குவதன்று. ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் பலமுறை ஆடுகிறதல்லவா? கையால் பிடித்தால் நின்றுவிடும். வண்டியில் அந்தக் கையின் வேலையைச் செய்வது ஷாக் அப்சார்பர். அன்று வண்டி மும்முறை சாய்ந்ததற்கு அது தேய்ந்து எண்ணெய் கசிந்திருந்ததும் ஒரு காரணம். பின்மூலையை அழுத்திவிட்டுப் பாருங்கள்: ஒருமுறை எழும்பி அடங்கினால் நலம், இரண்டு மூன்று முறை குதித்தால் மாற்ற வேண்டும். சாயும் வண்டியை நிமிர்த்துவதாக எண்ணி ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஒடிப்பது, ஆடும் ஊஞ்சலைத் தாளம் தவறாமல் தள்ளுவதற்கு ஒப்பாகும். அதைத்தான் மாமா செய்தார்.

டயரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் பக்கச்சுவரும் ஒரு வில்லே. காற்றுக் குறைந்தால் வீடு முழுவதும் பலூன்மேல் நிற்பதுபோல் ஆகும். சுமைக்கேற்ற காற்று எத்தனை பவுண்டு என்பது வண்டியின் தகட்டிலும் கையேட்டிலும் இருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். டயரின்மேல் பொறித்த உச்ச அளவை மீறக்கூடாது.

இனிச் சுமையின் இடம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் தெரியும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். பிக்கப்பிலும் அப்படியே. சுமையின் மையம் பின்னச்சுக்குப் பின்னே போனால், முன்சக்கரங்களின் அழுத்தம் குறைந்து ஸ்டீயரிங் ‘லேசாகி’விடும். லேசாக இருக்கிறதே என்று மகிழ்வது பேதைமை. மையம் பின்னச்சுக்குச் சற்று முன்னே அமைய வேண்டும். அமெரிக்காவில் கேம்பர் ஏற்றக்கூடிய பிக்கப்புகளுக்கு, சுமையின் மையம் எந்த எல்லைக்குள் அமையலாம் என்று உற்பத்தியாளரே வண்டியோடு தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மாமாவின் வண்டியில் அடுப்பும் அரிசி மூட்டையும் கடைசிக் கதவோரம் இருந்தன, எடுக்க வசதி என்று!

தண்ணீரோ தனிக்கதை. நிறைந்த பீப்பாய் அசையாது. வெறும் பீப்பாய்க்கு எடையில்லை. பாதி நிறைந்ததே பகை. வண்டி இடப்பக்கம் சாயும்போது தண்ணீரும் இடப்பக்கம் ஓடிச் சாய்வுக்குத் துணைபோகும். ஒரு பெரிய பீப்பாய்க்குப் பதிலாக 20 லிட்டர் கேன்கள் பத்தை வைத்து, ஒன்று தீர்ந்த பின்னரே அடுத்ததைத் திறந்தால் இத்தொல்லை பெரிதும் ஒழியும்.

கயிற்றையும் மறக்கக்கூடாது. கயிறு தளரும். தளர்ந்தபின் வண்டி ஓர் ஆட்டம், வீடு ஓர் ஆட்டம். அறையின் நான்கு மூலைகளையும் சட்டத்தோடு இரும்புக் கொக்கியும் திருகு இறுக்கியும் கொண்டு பிணைத்து, அடியில் ரப்பர் விரிப்பு இடவேண்டும். முதல் சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி மீண்டும் இறுக்குவது நலம்.

இவையெல்லாம் செய்தாலும் வேகத்துக்கு நிகரான மருந்து வேறில்லை. பக்கவிசை வேகத்தின் இருமடியாகப் பெருகும். 60-லிருந்து 40-க்கு இறங்கினால், வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. பக்கவிசையோ பாதிக்கும் கீழே போய்விடுகிறது. நடப்பவர்களின் பின்னே செல்லும் வண்டிக்கு அவசரம் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. பதிவுசெய்த மொத்த எடைக்கு மேல் ஏற்றுவதை 113-ஆம் பிரிவு தடுக்கிறது. ஓடும் சரக்கு வண்டியின் தொட்டியில் ஆளை ஏற்றுவதும் குற்றம். பாட்டியை நாங்கள் உள்ளே படுக்க வைத்தது இரக்கத்தால்தான். ஆனால் பலகைச் சுவருக்கு அந்த இரக்கம் தெரியாது. இதை மாமாவிடம் சொன்னபோது, “கால் வலிக்குதுன்னு ஒரு கிழவி கேட்டா, முடியாதுன்னு சொல்றதாடா?” என்று சினந்தார். நான் மறுமொழி சொல்லவில்லை, அத்தைதான் சொன்னார்: “முடியாதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு ஆட்டோவுக்குக் காசு குடுங்க.”

2024 புரட்டாசியில் அறையை வைக்கவில்லை. தொட்டியின் தளத்தில் கேன்களும் பாத்திரங்களும் அரிசியும் முன்பக்கமாக அடுக்கப்பட்டன, மேலே தார்ப்பாய். கூட்டிய பட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதிய ஷாக் அப்சார்பர் போட்டோம். நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ ஒன்று பின்னே வந்தது. பழைய வளைவில் மாமா 30-க்கு மேல் போகவில்லை. அத்தை அருகில் உட்கார்ந்திருந்ததும் காரணமாகலாம். பாய்களை மட்டும் வண்டியின் தலைமேலேயே கட்டினார். இறக்கச் சொல்லி வாயெடுத்தேன். அதற்குள், “தேருக்குச் சீலை மேலதானேடா இருக்கு” என்றார்.

பாய்களின் எடையை மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.