மொரீசியஸ் தீவில் தமிழர் யார்?

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நமது செஞ்சிக் கோட்டை, மராத்தியர் கால ஏனைய கோட்டைகளோடு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்ததை வாசகர்கள் அறிவர். அதன்பின் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தபோது, முன்பின் அறியாத தம்பதியர் இருவர் கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தனர். கோட்டையைக் காண வந்தவர்கள், மொரீசியஸ் தீவினர், கத்தோலிக்கர். கணவரின் குடும்பப் பெயர் நம் ஊரில் தெருவுக்குத் தெரு கேட்கக்கூடிய தமிழ்ப் பெயர். நிறமும் முகவெட்டும் நம்முடையவையே. ஆனால் ஒரு சொல் தமிழ் அவருக்குத் தெரியாது. தட்டுத்தடுமாறிய என் பிரெஞ்சிலும் அவருடைய ஆங்கிலத்திலுமாகப் பேசினோம். விடைபெறுமுன் அவர் கேட்டார்: “ஃபாதர், எங்கள் தீவில் நான் தமிழன் அல்லன். இங்கே நான் தமிழனா?”

இக்கேள்வியின் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் விளக்கிய பின்னரே விளங்கிற்று.

மொரீசியஸ் தீவுக்கு ஆதிக்குடிகள் என்று எவருமில்லை. 1598இல் டச்சுக்காரர் வந்து பெயரிட்டனர். 1710இல் கைவிட்டுப் போயினர். 1715இல் பிரெஞ்சுக்காரரும், 1810இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். ஆண்டவனும் அடிமையும், வணிகனும் கூலியும், எல்லோரும் கப்பலேறி வந்தவர்களே. 1735இல் ஆளுநராக வந்த லாபூர்தொனே, துறைமுகமும் நகரமும் எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கொத்தரையும் தச்சரையும் வருவித்தார். போர்ட் லூயி நகரில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு மலபார் முகாம் என்று பெயர். அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர் தமிழரை மலபாரிகள் என்றே அழைத்தனர். நம் செஞ்சிக்கும் அதில் சற்றே உறவுண்டு: 1750 செப்டம்பரில் புசியின் படை நம் கோட்டையைப் பிடித்தது, 1761 வரை இராஜகிரி உச்சியில் பறந்ததும், அத்தீவில் பறந்ததும் ஒரே பிரெஞ்சுக் கொடிதான்.

பின்னர் வந்தது பெருங்கூட்டம். 1835இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஒப்பந்தக் கூலிகள் அங்கு இறக்கப்பட்டனர். போஜ்புரி பேசுவோரே அதிகம். தமிழரும் தெலுங்கரும் மராத்தியரும் உடன் வந்தனர். அவர்கள் கரையேறிய ஆப்பிரவாசி துறை 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

1968 மார்ச் 12இல் தீவு விடுதலை பெற்றது. அரசியல் சாசனம் மக்களை நான்கு சமூகங்களாக வகுத்தது: இந்துக்கள், முஸ்லிம்கள், சீனர், இம்மூன்றிலும் அடங்காத பொது மக்கள். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களும், பிரெஞ்சு வழியினரும், திருமுழுக்குப் பெற்ற தமிழரும் இந்நான்காம் பிரிவில் வந்து சேர்ந்தனர். சமூகம் எதுவென்ற கேள்வி 1972க்குப் பின் மக்கள் கணக்கெடுப்பில் இல்லை. ஆயினும் மதம் எது என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு விடையாக ‘தமிழ்’ என்றே எழுதுவோர் பல்லாயிரவர்! இந்து என்பது வேறு, தமிழ் என்பது வேறாக அங்கே எண்ணப்படுகிறது. தமிழ் ஒரு மதத்தின் பெயராகிவிட்டது. அவ்வாறாயின் கிறிஸ்தவர் தமிழராவது எங்ஙனம்?

இதில் யாரையும் எளிதில் குறைகூற இயலாது. வீட்டிலும் சந்தையிலும் கிரியோல். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். அங்கே தமிழைக் காத்தவை முருகன் கோவில்களே. தைப்பூசக் காவடி அங்கு அரசு விடுமுறை நாள். தேவாரம் பாடுவோரில் பலர் அதை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகின்றனர். மொழி போன பின்னும் வழிபாடு அதன் ஓசையைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் திருச்சபையோ அத்தீவில் பிரெஞ்சிலும் கிரியோலிலும் செபித்தது. அங்கே தமிழில் செபமும் பாடலும் வேரூன்றியிருந்தால் அந்த மனிதர் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார் என்பது என் எண்ணம். இத்தாலியரான வீரமாமுனிவர் நம் மண்ணில் தேம்பாவணி பாடியதன் அருமை எனக்கு அன்றுதான் முழுதும் உறைத்தது.

அடையாளம் அங்கே வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. அத்தீவின் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழும், அதன்பின் இந்தியும் அச்சிடப்பட்டு வந்தன. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தி மேலேறித் தமிழ் கீழிறங்கியது. முதலில் வந்தவர்கள் நாங்களே என்று தமிழர் கொதித்தெழ, அந்நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையே மீண்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் கிரியோல் பாடகர் காயா காவல் நிலையத்தில் இறந்தபோது தீவே பற்றியெரிந்தது. இனத்துக்கு இனம் பகை மூண்டது. அப்போது முஸ்லிமான குடியரசுத் தலைவர் காசிம் உத்தீமும், கத்தோலிக்கரான கர்தினால் ழான் மார்ஜியோவும் ஒன்றாகத் தீவைச் சுற்றிவந்து மக்களை அமைதிப்படுத்தினர்.

எல்லாரையும் ஒன்றுசேர்க்கும் இடமும் ஒன்று அங்குண்டு. 1841இல் வந்து, கிரியோல் பேச்சைக் கற்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு அதிலேயே மறைக்கல்வி புகட்டியவர் லவால் அடிகளார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். செப்டம்பர் 9, அவர் இறந்த நாள். அன்று புனித சிலுவைக் கோவிலில் உள்ள அவருடைய கல்லறைக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் நடந்தே வருகின்றனர். மெழுகுதிரி ஏற்றுவோரிடம் சமூகம் எதுவென்று யாரும் கேட்பதில்லை.

இவற்றையெல்லாம் பேசி முடிக்க நண்பகலாயிற்று. “இங்கே நீர் தமிழர்தாம்” என்றேன். சொல்லிவிட்டேனேயன்றி, என் மனம் நம் பங்குப் பிள்ளைகளை நினைத்தது: ஞாயிறு மறைக்கல்வியில் தமிழ் விவிலியத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள், இந்தச் செஞ்சியிலேயே எத்தனை பேர்!

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். பரலோக மந்திரத்தைத் தமிழில் மெதுவாகச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல, தம் தீவில் தேவாரம் எழுதுவதைப் போலவே ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டார். ‘ள’கர ஒலி வரும்போதெல்லாம் பேனாவை நிறுத்தி என் வாயைப் பார்த்தார். மனைவி அருகில் நின்று இரண்டு முறை திருத்தினார். பிறகு இருவரும் திண்டிவனம் பேருந்தைப் பிடிக்க விரைந்தனர்.