படைப்பேடு: விளையாட்டு அமைப்பவனின் கைமுதல்

"விளையாட்டுப் பிள்ளை" என்பது நம் பக்கத்தில் வசைச்சொல். வேலை வெட்டி இல்லாமல் திரிபவனைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆயினும் விளையாட்டை ஆடுவது வேறு, விளையாட்டை அமைப்பது வேறு. இந்த இரண்டாவதைத் தொழிலாகக் கொண்டு இன்று பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் பலர் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அந்தத் தொழிலுக்குள் நுழைய என்ன வேண்டும் என்று நான் தேடிப் படித்ததையும் செய்து பார்த்ததையும் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கணினி விளையாட்டில் ஓவியர் உருவங்களை வரைகிறார். நிரலாளர் அவற்றை இயங்கச் செய்கிறார். அமைப்பாளர் என்பவரோ விதிகளை வகுப்பவர். ஆடுகிறவன் எந்த நேரத்தில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், எங்கே திகைப்பான், எங்கே மகிழ்வான் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது அவர் வேலை.

இதற்கு அயல்நாட்டு உதாரணம் தேவையில்லை. எங்கள் அடி அண்ணாமலையில் திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று புள்ளிகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஆட்டைத் தாண்டிக் குதித்தால் புலி அதை வெட்டலாம். ஆடுகளோ புலியை நகரவிடாமல் அடைக்க வேண்டும். பதினைந்து ஆடுகளும் களத்தில் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. இரு பக்கமும் ஒரே பலம் இல்லை, ஒரே நோக்கமும் இல்லை. ஆனாலும் யார் வெல்வார் என்று முன்னதாகச் சொல்ல முடியாது. பெயர் தெரியாத எந்தத் தமிழனோ தமிழச்சியோ உட்கார்ந்து, ஆடிப் பார்த்து, கூட்டியும் குறைத்தும் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவரே அமைப்பாளர்! வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடும் பரமபதமும் 1890களில் இங்கிலாந்தில் அச்சாகி விற்பனைக்கு வந்த பாம்பும் ஏணியும் ஆட்டமும் ஒரே குடும்பம்தான். வடநாட்டுப் பச்சீசி 1896இல் 'லூடோ' என்ற பெயரில் அங்கே காப்புரிமை பெற்றது. நமக்கு அதில் ஒரு காசும் வரவில்லை என்பது வேறு கதை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இத்தொழிலில் வேலை கேட்டுப் போனால் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் பார்க்கப்படுவது 'போர்ட்ஃபோலியோ'. நான் அதைப் படைப்பேடு என்றே சொல்கிறேன். தச்சனிடம் வேலை கொடுப்பவர் அவன் செய்த கதவைத்தானே பார்ப்பார்? அதுபோல, நாம் அமைத்த விளையாட்டுகளின் தொகுப்பு அது.

அதில் எவ்வளவு இருக்க வேண்டும்? முடிவு பெற்ற மூன்று சிறிய ஆட்டங்கள், முடியாத பத்துப் பெரிய கனவுகளைவிட மேல். பார்ப்பவர் அதற்குச் சில நிமிடங்கள்தான் ஒதுக்குவார். ஆகவே நல்லதை முதலில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆடிக் காட்டும் ஒரு நிமிடப் படம், ஒரு பக்கக் குறிப்பு. குழுவாகச் செய்தது என்றால் அதில் நம் பங்கு எது என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். இவையெல்லாம் எளிது. கடினமானது காரணம் எழுதுவதுதான்.

காரணம் என்றால் என்ன? ஆடுபுலியில் பதினைந்து ஆடுகளுக்குப் பதில் பன்னிரண்டு வைத்து என் ஆயாவோடு ஆடிப் பார்த்தேன். ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை; ஆனால் புலியாக உட்கார்ந்தால் ஊரில் யாரும் அவரை அடைக்க முடியாது. நாலு ஆட்டம் ஆடியதும், "இதுல என்னாடா இருக்குது? புலிக்கு வேலையே இல்லியே" என்று காயைத் தள்ளிவிட்டார். அதை அப்படியே தேதி போட்டு எழுதி வைத்தேன். புலிகளை இரண்டாக்கினேன், மறுபடி ஆடினோம், அதையும் எழுதினேன். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், ஆடியவர் என்ன செய்தார் என்ற இந்தக் குறிப்புதான் படைப்பேட்டின் உயிர். வண்ணப் படங்கள் இரண்டாம் பட்சம். இதற்குக் கணினிகூட வேண்டாம். அட்டையும் புளியங்கொட்டையும் போதும்.

இதில் என் மனத்தை மிகவும் கவர்ந்த உதாரணம் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரில் அபி என்ற தமிழர் தலைமையில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் 2023 சூலையில் வெளியிட்ட விளையாட்டு அது. ஓவியம் சாம் எல்கானா. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்ற தாய், பாவலன் என்ற தந்தை, கவின் என்ற மகன். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். முதல் புதிர் என்ன தெரியுமா? இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான்! நம் வீட்டில் தினமும் நடக்கும் காரியம். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்தச் சிறிய விளையாட்டு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டுப் பரிசையும், அமெரிக்காவில் தனி முயற்சியாளர்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலைமைப் பரிசையும் வென்றது. அடுப்பங்கரையில் இருந்ததை ஆட்டமாகக் காணும் கண்ணே அதன் பெரும் மூலதனம் என்று நான் கருதுகிறேன்.

கருவிகளுக்கு வருவோம். அர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர் உருவாக்கி 2014இல் மூல நிரலோடு உலகுக்குத் திறந்துவிட்ட 'கோடோ' என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு வழங்கிய மடிக்கணினியில்தான் அதை ஓட்டுகிறேன். சூடாகிறது, ஆனால் ஓடுகிறது. முடித்த ஆட்டங்களை 'இட்ச்' என்ற தளத்தில் காசில்லாமல் வைக்கலாம். 2009 முதல் ஆண்டுதோறும் சனவரியில் 'குளோபல் கேம் ஜாம்' நடைபெறுகிறது. கொடுத்த கருவில் குறுகிய நேரத்துக்குள் ஓர் ஆட்டத்தை முடிக்க வேண்டும். தனியாக முடிக்க முடியாத எனக்கு இவ்வகைக் கெடு மிகவும் உதவும் என்று தோன்றுகிறது. முறையாகப் படிக்க விரும்புவோருக்கு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூர் வளாகத்தில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு.

லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் பயிற்சி நிலையங்களும் உண்டு. கிரிவலப் பாதையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் என் தந்தையிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கினால் அரசுத் தேர்வு எழுதி நிலையான வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பௌர்ணமி இரவுகளில் விடிய விடியக் கால் கடுக்க நின்றவர் அவர். சென்ற மாதம் என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத காட்டுனா வேலை குடுப்பாங்களா?" என்று கேட்டார். "நல்லா இருந்தா கூப்புட்டுப் பேசுவாங்கப்பா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கடையில் பழைய காலண்டர் அட்டைகளைத் தூக்கிப் போடாமல் எனக்கு எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறார். தேர்வுக்கும் படிக்கிறேன், படைப்பேட்டையும் சேர்க்கிறேன். இரண்டுக்கும் நேரம் போதவில்லை என்பதே உண்மை.

இப்போது கையில் இருப்பது ஆடுபுலியின் நான்கு மாற்று வடிவங்கள், அவற்றில் ஒன்று கணினியில். கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரைக் களமாகக் கொண்ட அட்டை ஆட்டம் ஒன்று பாதியில் நிற்கிறது. புதன்கிழமை மாலைகளில் கணிதத் துறைக்கு வெளியே உள்ள வேப்பமரத்தடியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆடிப் பார்க்க மூன்று பேர் தேவை. பென்சில் மட்டும் கொண்டு வந்தால் போதும்.