'இலவசம்தானே... அப்புறம் ஏன் வரல?' - மனசையும் கணக்கையும் சேர்த்துப் படித்த மதுரைக் கண் ஆய்வுகள்!

"கண்ணுல பொறை விழுந்துருக்காம் அப்பத்தா. இலவசமாவே ஆபரேசன் பண்றாகளாம். ஒரு எட்டு போயிட்டு வந்துரலாம்ல?"

"எனக்கெதுக்குப்பா இனிமே? ஆட்டப் பத்திக்கிட்டுப் போக இந்தப் பார்வ போதும். நான் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டா வீட்ட யாரு பாக்குறது?"

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் எந்தத் திண்ணையிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. பேரன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்பத்தா சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால், அந்தக் கணக்கு புரியாதவரை, குணப்படுத்தக்கூடிய ஒரு நோயால் அப்பத்தாவின் பார்வை மெல்ல மெல்லப் போய்க்கொண்டே இருக்கும்.

சிகிச்சை இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், செலவும் இல்லை. ஆனாலும் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியையே தொழிலாக எடுத்துக்கொள்பவர்கள்தான் 'ஹெல்த் பிஹேவியர்' ஆய்வாளர்கள், அதாவது சுகாதார நடத்தை ஆய்வாளர்கள். பாதி உளவியல், பாதி புள்ளிவிவரம் என்று நடக்கும் வேலை அது. இன்று டேட்டா சயின்ஸும் அதோடு கைகோத்திருக்கிறது. புதிய துறைபோலத் தெரிந்தாலும், மதுரைக்கு இது 40 ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம்.

11 படுக்கைகளும் ஒரு கேள்வியும்

டாக்டர் ஜி.வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் ஆயிரக்கணக்கான கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தவர் அவர். 'டாக்டர் வி' என்று உலகம் அவரைக் கொண்டாடுவது பலருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத கதை ஒன்று உண்டு. கிராமங்களில் கண் பரிசோதனை முகாம்கள் நடந்தன. புரை இருப்பவர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு வரச்சொல்லியும் அனுப்பினார்கள். ஆனால், பலர் வரவே இல்லை.

'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். டாக்டர் வி அப்படிச் செய்யவில்லை. பொதுச் சுகாதாரம் படித்த அமெரிக்க ஆய்வாளரான கிரிஜா பிரில்லியன்ட்டுடன் சேர்ந்து, தென்னிந்தியக் கிராமங்களில் கண்புரை சிகிச்சைக்கு இருக்கும் சமூக, பொருளாதாரத் தடைகள் குறித்து 1981-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். கண்ணை மட்டும் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவர், வராமல் போன மனிதர்களின் வீட்டுச் சூழலையும் பார்க்கத் தொடங்கிய இடம் அது.

'இலவசம்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு செலவு ஒளிந்திருக்கிறது தெரியுமா? பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, கூட வருபவரின் அன்றாடக் கூலி, பூட்டிக் கிடக்கும் வீடு, கட்டிக் கிடக்கும் ஆடு மாடு... அறுவை சிகிச்சைக்குப் பணம் வாங்காவிட்டாலும், கூலிக் குடும்பத்துக்கு அது செலவுதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

'நம்ம ஊர்லதான் இப்படி' என்று நினைத்துவிட வேண்டாம். 1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே பரிசோதனையை மக்கள் வசிக்கும் பகுதிகளுக்கே கொண்டுபோனார்கள். அங்கேயும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய காட்ஃப்ரே ஹாக்பாம், இர்வின் ரோசன்ஸ்டாக் உள்ளிட்ட உளவியலாளர்கள் அதற்கான காரணத்தைத் தேடினார்கள்.

ஹாக்பாம் 3 நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து, 1958-ல் முடிவுகளை வெளியிட்டார். 'இந்த நோய் எனக்கும் வரலாம்', 'முன்கூட்டியே கண்டுபிடித்தால் நல்லது' என்று இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவிகிதம் பேர் ஒரு முறையாவது தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவிகிதம் பேர்தான் எடுத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து உருவானதுதான் 'ஹெல்த் பிலீஃப் மாடல்' என்ற புகழ்பெற்ற கோட்பாடு. சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் மனசுக்குள் ஒரு தராசு ஆடுகிறது. ஒரு தட்டில் நோய் பற்றிய பயமும், சிகிச்சையால் கிடைக்கும் நன்மையும். மறு தட்டில் செலவு, வலி, அலைச்சல். கூடவே, 'கிளம்பு, போகலாம்' என்று உந்தித் தள்ள ஒரு தூண்டுதலும் வேண்டும்.

திண்ணையில் இருந்த அப்பத்தா மனசிலும் அதே தராசுதான் ஆடியது!

90 கிராமங்கள், 8 வழிகள்

காரணம் தெரிந்துவிட்டது. அடுத்து, எதைச் செய்தால் மக்கள் வருவார்கள்? ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லலாம். எது சரியென்று எப்படி முடிவு செய்வது?

இங்கேதான் கணக்கு உள்ளே வருகிறது. கிரிஜா பிரில்லியன்ட்டுடன், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் நிபுணர் ஜேம்ஸ் லெப்கோவ்ஸ்கியும், மதுரை அரவிந்தின் ஆர்.டி.துளசிராஜும் சேர்ந்தார்கள். துளசிராஜ் மருத்துவர் அல்ல. கொல்கத்தா ஐ.ஐ.எம்-மில் நிர்வாகம் படித்துவிட்டு, 1980-களின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்தவர்.

இந்தக் குழு தென்னிந்தியாவின் 90 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. விழிப்புணர்வு, பண உதவி இரண்டையும் கலந்து 8 வழிகளை வகுத்தது. சில கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடி போட்டிருந்தவர்களையே பேச அனுப்பியதும் அந்த 8 வழிகளில் உண்டு. சில கிராமங்களில் செலவில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றார்கள். வேறு சிலவற்றில் முழுச் செலவையும் ஏற்றார்கள்.

எந்தக் கிராமத்துக்கு எந்த வழி என்பதை யாரும் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. குலுக்கல் போலப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏன்? மெயின் ரோட்டு ஓரத்துக் கிராமங்களுக்கு மட்டும் ஒரு வழியைக் கொடுத்தால், அங்கே கூட்டம் அதிகமாக வந்தது அந்த வழியாலா, பஸ் வசதியாலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. குலுக்கிப் போட்டால் அந்தச் சந்தேகம் பெருமளவு குறையும். புது மருந்தைச் சோதிக்கும் அதே முறையில், மனிதர்களின் தயக்கத்துக்கான மருந்தையும் சோதித்தார்கள்.

1991-ல் முடிவுகள் வெளியாயின. முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட இடங்களில் அறுவை சிகிச்சைக்கு முன்வந்தவர்கள் அதிகம். மக்கள் அறியாமையால் மட்டும் விலகி நிற்கவில்லை, கையில் காசில்லாமலும் நின்றார்கள் என்பதை எண்கள் எடுத்துச் சொல்லின. முகாமில் புரை கண்டறியப்பட்டவர்களை அன்றே பஸ்ஸில் ஒன்றாக அழைத்துப்போய், அறுவை சிகிச்சை செய்து, சாப்பாடு போட்டு, ஊருக்கே திரும்பக் கொண்டுவந்து விடும் அரவிந்தின் முறையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். பஸ் கட்டணம் மிச்சம். தெரிந்த முகங்கள் பக்கத்தில் இருப்பதால் பயமும் பாதி குறையும்!

100 பேரில் 7 பேர்

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை.

லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினின் ஆஸ்ட்ரிட் ஃப்ளெட்சரும் அரவிந்த் ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய ஆய்வு 1999-ல் வெளியானது. முகாம் நடந்த பகுதிகளில் கண் பிரச்னை இருந்தவர்களில் 100-க்கு சுமார் 7 பேர்தான் முகாமுக்கே வந்திருந்தார்கள் என்றது அந்த ஆய்வு.

முகாமுக்குள் நின்று பார்த்தால் கூட்டம் அலைமோதும். வீட்டிலேயே இருந்துவிட்ட 93 பேர் அங்கே கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேட்டபோது பயம், செலவு, குடும்பப் பொறுப்பு, 'வயசாகிருச்சு' என்ற எண்ணம், 'இந்தப் பார்வையே போதும்' என்ற சமாளிப்பு ஆகியவை காரணங்களாக வந்தன.

வந்தவர்களை மட்டும் எண்ணினால் வெற்றிக் கதை கிடைக்கும். வராதவர்களையும் எண்ணினால்தான் உண்மை கிடைக்கும். இந்தத் துறையின் அடிப்படைப் பாடமே இதுதான்.

பாடம் வீணாகவில்லை. எப்போதோ ஒருமுறை வரும் முகாமை மட்டும் நம்பாமல், ஊருக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக இயங்கும் 'விஷன் சென்டர்'களை 2004 முதல் அரவிந்த் தொடங்கியது. சுமார் 50,000 பேர் வாழும் பகுதிக்கு ஒரு மையம். பயிற்சி பெற்ற பணியாளர்கள் பரிசோதிப்பார்கள். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் இணையம் வழியே பேசுவார். மையம் பக்கத்திலேயே வந்ததும் தராசின் 'அலைச்சல்' தட்டு லேசானது.

ஏ.ஐ வந்த பிறகும் அதே கேள்வி

இப்போது கதை கம்ப்யூட்டருக்கு வருகிறது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்படுவது ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. பார்வை மங்கும்போது பாதிப்பு முற்றியிருக்கலாம். விழித்திரைப் படத்தைப் பார்த்தே இதைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவை கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கி, 2016-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குக் கற்பிக்க 1,28,175 விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அமெரிக்கப் படங்களோடு, அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. 2019-ல் இந்தத் தொழில்நுட்பம் நோயாளிகளைப் பரிசோதிக்கப் பயன்பாட்டுக்கு வந்ததும் மதுரை அரவிந்தில்தான்.

நோயை இயந்திரம் சொல்லிவிடும். சொன்ன பிறகு அந்த மனிதர் சிகிச்சைக்குப் போவாரா?

கூகுளின் எம்மா பீடி தலைமையிலான ஆய்வாளர்கள் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் இந்த ஏ.ஐ எப்படிச் செயல்படுகிறது என்று கவனித்து, 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. அறையின் வெளிச்சம் சரியில்லாத இடங்களில் எடுத்த படங்களை இயந்திரம் ஏற்க மறுத்தது. 'பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டால் இவர்களுக்கு வீண் அலைச்சல்தானே' என்ற கவலையில், சில நர்ஸ்களே நோயாளிகளை இந்தப் பரிசோதனையில் சேர வேண்டாம் என்று தயங்கவைத்தார்கள்.

மதுரையில் 1981-ல் கேட்ட அதே கேள்விதான். கருவி மட்டும்தான் மாறியிருக்கிறது.

இந்த வேலைக்கு என்ன படிக்கலாம்?

பிளஸ் டூ முடித்துவிட்டு 'சைக்காலஜி படிச்சா கவுன்சலிங் மட்டும்தானா?' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இது இன்னொரு கதவு.

உளவியல், சமூகப்பணி, புள்ளியியல், செவிலியம், மருத்துவம் என எந்தப் பக்கத்திலிருந்தும் இந்தத் துறைக்குள் வரலாம். மேற்படிப்பாக பொது சுகாதாரம் (எம்.பி.ஹெச்) படிப்பது நல்ல பாலம். சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் இந்தப் படிப்பு உண்டு. சுகாதாரக் கல்வியில் பயிற்சி தரும் காந்திகிராம ஊரக சுகாதார நிறுவனம், மதுரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது.

கூடவே புள்ளியியலின் அடிப்படையும், 'ஆர்' அல்லது 'பைத்தான்' மொழியும் தெரிந்திருந்தால் கூடுதல் பலம். ஆனால், சாஃப்ட்வேர் மட்டும் போதாது. வெயிலில் நடந்துபோய், திண்ணையில் உட்கார்ந்து, அவசரப்படாமல் கேட்கத் தெரிய வேண்டும். ஒருவரிடம் தகவல் வாங்கும் முன் அவர் சம்மதத்தைப் பெற வேண்டும். சொன்ன ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும். 'எத்தனை பேர் வரவில்லை' என்று டேட்டா சொல்லும். 'ஏன் வரவில்லை' என்பதை அந்த மனிதர்தான் சொல்ல முடியும்.

உங்கள் வீட்டிலும் கேளுங்கள்

இதற்கு டிகிரி தேவையில்லை. வீட்டில் வயதானவர்கள் கண் பரிசோதனைக்கோ, சர்க்கரை டெஸ்ட்டுக்கோ வர மறுத்தால், 'சொன்னா கேக்கவே மாட்டீங்க' என்று சலித்துக்கொள்ளாமல், 'எது உங்களத் தடுக்குது?' என்று கேட்டுப்பாருங்கள். பயமா, காசா, துணையா, ஆட்டுக்குட்டியா?

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு, பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவசியம்.

அப்பத்தாவுக்குத் தேவைப்பட்டது அறிவுரையாக இல்லாமலும் இருக்கலாம். 'நாலு நாளைக்கு ஆட்ட நான் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க' என்ற ஒரு வார்த்தைக்காகக்கூட அவர் காத்திருந்திருக்கலாம்.